ஒன்பதாம் பாத்தி

தீவு அப்படியே இருந்தது. இருக்காது என்றுதான் ஜெனோவா நினைத்திருந்தாள். நாலு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது, கம்ப்யூட்டர் இரண்டு தடவை ரிப்பேர் கடைக்குப் போய் வந்தது, மகள் ஷெரின் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "தேவையில்லாதது எல்லாத்தையும் அழிச்சிட்டேம்மா, இனிமே ஜோரா ஓடும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள், தேவையில்லாதது என்றால் முதலில் இந்த ஆட்டம்தானே போயிருக்க வேண்டும், ஆனால் அந்தப் பிள்ளை இதை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. தொட்டதும் கறுப்புத் திரையில் அலைச் சத்தம் வந்தது, பிறகு மணல், பிறகு சாய்ந்த தென்னை, பிறகு அவளுடைய இரண்டு கை, கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. தூத்துக்குடியில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கப்பல் ஊதுவது கேட்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பீக்கரில் கடலைக் கேட்கிற கிறுக்கி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. பள்ளிக்கூட ஆபீசில் இன்றைக்கு அரை நாள்தான், வந்து சாளைமீன் குழம்பை ஊற்றி நாலு வாய் தின்றாள், இறங்கவில்லை, தட்டை மூடி வைத்துவிட்டாள். எல்லாம் காலையில் வந்த மெசேஜால் வந்த வினை. கிளாட்வின் கப்பலிலிருந்து அனுப்பியிருந்தான், பத்தொன்பது வருசத் தாம்பத்தியத்தில் மனுசன் இவ்வளவு நீளமாக எழுதியதே கிடையாது. "ஜெனோ, ஏஜென்சில கேக்காங்க. இன்னொரு காண்ட்ராக்ட் கையெழுத்துப் போடுதியா, இல்ல இதோட கப்பல விட்டுட்டு ஊருக்கே போறியான்னு. இன்னைக்குச் சொல்லணுமாம். நம்ம ஊர் ஐஸ் கம்பெனில மெஷின் பாக்க ஆள் வேணுமாம். நீ என்ன சொல்லுத? நாலு மணிக்குக் கூப்பிடுதேன்." நீ என்ன சொல்லுத. மூன்றே மூன்று வார்த்தை. பஸ்ஸில் ஏறும்போது நீ என்ன சொல்லுத, வருகைப் பதிவேட்டில் கோடு போடும்போது நீ என்ன சொல்லுத, மீனை வாயில் வைத்தால் முள்ளுக்குப் பதில் நீ என்ன சொல்லுத. என்ன சொல்ல? வாங்க என்று சொல்லவா, போங்க என்று சொல்லவா? இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கிறது, அது வரைக்கும் இந்தத் தீவில் நட்ட கிழங்குக்காவது தண்ணீர் ஊற்றுவோம் என்று நினைத்தாள்.

ஆட்டம் என்னவோ சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளதுதான். விமானம் கடலில் விழும், நீந்திக் கரையேற வேண்டும், ஆளில்லாத தீவு, பசிக்கும், தாகம் எடுக்கும், வெயில் தோலை உரிக்கும், சுறா சுற்றி வரும், சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொரோனா வந்த வருசம், ஆன்லைன் கிளாசுக்கு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஷெரின் இதை இறக்கி வைத்திருந்தாள். லீவில் வந்த கிளாட்வின் திரும்பிப் போக வழியில்லாமல் வீட்டில் மாட்டிக்கொண்டான், கப்பலும் இல்லை, விமானமும் இல்லை, தெருமுனைக்குப் போனால் போலீஸ்காரன் தோப்புக்கரணம் போட வைக்கிறான். ஒரு நாள் மகளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவன், "ஏ பிள்ள, அந்தக் கிழங்கைத் தின்னுராத, நட்டு வை" என்றான், அன்றைக்கு விழுந்தவன்தான். மறுநாள் அவளையும் இழுத்து உட்கார வைத்தான். ஒரு மாதத்தில், "ப்பா, கணக்கு கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க ப்பா, ம்மா நீயாவது எந்திரிம்மா" என்று பெற்ற பிள்ளை கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள், வெட்கக்கேடு. ஒரே திரை, குறுக்கே ஒரு கோடு, மேல் பாதி அவனுக்கு, கீழ் பாதி அவளுக்கு. கட்டுமரம் கட்டிப் பாய் விரித்து அடுத்த தீவு, அதற்கடுத்த தீவு என்று போவது அவள். கிளாட்வின் கரையை விட்டு அசைய மாட்டான். "நான் பாத்த கடல் போதும், நீ போயிட்டு வா" என்பான். அவன் எங்கே கடலைப் பார்த்தான், பெரிய இவன்! கப்பலில் அவன் மோட்டார்மேன், அடிவயிற்றில் இஞ்சின் அறைதான் வாசம், எண்ணெயும் சூடும் இரைச்சலும், ஒன்பது மாதம் கடலில் போனாலும் கடல் கண்ணில் படுவது சிகரெட் குடிக்க மேலே வரும்போதுதான். அவனுக்கு மண் வேண்டியிருந்தது. பலகை வெட்டி, கயிறு முறுக்கி, தீவின் அந்தக் கோடியில் குளத்தோரக் களிமண்ணை அள்ளி வந்து, நாலு நாலாக இரண்டு வரிசை, நடுவில் நடக்க வழி, எட்டுப் பாத்தி கட்டினான். ஐந்தில் கிழங்கு, இரண்டில் கற்றாழை, ஒன்றில் பெயர் தெரியாத ஒரு சிவப்புப் பழம். காட்டில் தானாக முளைத்ததைப் பிடுங்கினால் அது திரும்ப வராது, நாம் நட்டதுதான் மறுபடி மறுபடி காய்க்கும், இதைக் கண்டுபிடித்த அன்று அவன் ஏதோ புதையல் எடுத்த மாதிரி சிரித்தான். முதல் விளைச்சல் முழுவதையும் விதைக்கே வைத்துவிட்டான், திரையில் இரண்டு பேரும் பசியில் தள்ளாடுகிறார்கள், மனுசன் ஒரு கிழங்கைத் தொட விடவில்லை. என்ன சிரிப்பு சிரித்தார்கள் அந்த வீட்டில். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

இப்போது மேல் பாதி கீழ் பாதி எல்லாம் கிடையாது, முழுத் திரையும் அவளுக்குத்தான், அதுவே என்னவோ போலிருந்தது. ஓலையை வெட்டிப் பானைக்குள் போட்டால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும், ஒரு பானைக்கு மூன்று சிரட்டை. விரல் மறக்கவில்லை. முதல் பாத்தி, இரண்டாவது பாத்தி. இந்தத் தீவில் ஒரு விசேஷம், நாம் ஆடாத நேரம் அங்கே நேரமே ஓடாது. இங்கே நாலு வருசம், மாமியார் இறந்தார்கள், ஷெரின் பெரிய மனுசியானாள், ஜெனோவாவுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. அங்கே ஒரு நிமிசம் கூட நகரவில்லை, அவன் எழுந்து போன அந்தச் சாயங்காலம் அப்படியே நிற்கிறது. இலை பாதி பழுப்பு. மூன்றாவது பாத்திக்கு ஊற்றும்போது தன்னை அறியாமல் வாய் சொல்லிற்று: மூணு முடிஞ்சது, நாலுல இருந்து பாக்கி. அது அவன் பழக்கிய பழக்கம். இஞ்சின் அறையில் ஒருத்தன் வேலை முடித்து மேலே ஏறும்போது வருகிறவனிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டுமாம், எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது ஒழுகுகிறது, கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், திருப்பிச் சொல்லாமல் அங்கே யாரும் நகரக் கூடாதாம். இங்கேயும் அதே சட்டம் போட்டான். இவள் உலை வைக்கப் போனால், "மூணு முடிஞ்சது, நாலுல இருந்து பாக்கி, ஆறாவதுல கற்றாழை முத்திட்டு" என்று ஒப்பிக்க வேண்டும், அவன், "மூணு முடிஞ்சது, நாலுல இருந்து பாக்கி, ஆறாவதுல கற்றாழை" என்று திருப்பிச் சொல்லுவான். சொல்லிவிட்டு, "சோத்துக்கு என்ன வச்சிருக்க?" என்பான். நெத்திலிக் கருவாடு என்பாள். "நெத்திலிக் கருவாடு" என்று அதையும் திருப்பிச் சொல்லுவான், கொழுப்புப் பிடித்தவன். பதினோரு மாதம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருசத்தில் ஒரே மூச்சாகச் சேர்ந்து இருந்தது அந்தப் பதினோரு மாதம்தான், ஊரே சாவுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது இவள் ஒருத்தி நன்றாக இருந்தாள், அதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் காறித் துப்புவார்கள்.

அப்படியானால் வாங்க என்று சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லேன். வாயைத் திறந்து சொல்லேன் பார்ப்போம். நாலாவது பாத்தியில் கிழங்கு காய்ந்து கறுத்திருந்தது, பிடுங்கிப் போட்டாள். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள், கிளாட்வின் லீவில் வந்தால் பத்து நாள் தாங்கும். முதல் பத்து நாள் ராஜ உபசாரம், வஞ்சிரம், கோழி, பிரியாணி. பதினோராவது நாள் குழாயில் ஆரம்பிக்கும். மனுசனுக்கு எதையும் இறுக்கித்தான் பழக்கம், குழாயை இறுக்குவான், கேஸ் சிலிண்டரை இறுக்குவான், பாட்டில் மூடியை இறுக்குவான், இவள் கை சிவக்கத் திருகினாலும் திறக்காது. "எனக்குத் திறக்க வர வேண்டாமா?" என்று இவள் கத்துவாள், "ஒழுகுமே" என்று அவன் சாதாரணமாகச் சொல்லுவான். மசாலா டப்பாவை எல்லாம் வரிசை மாற்றிப் பேர் எழுதி ஒட்டுவான், விடியும் முன்னே எழுந்து பாத்திரத்தை உருட்டுவான், நடுக்கட்டிலில் கை காலை விரித்துத் தூங்கிப் பழகிய இவளுக்குச் சுவரோரம் ஒண்டிக்கொண்டு தூக்கம் வராது. அவன் என்றைக்குடா கிளம்புவான் என்று நினைத்திருக்கிறாள், ஆமாம், நினைத்திருக்கிறாள், மாதாவே மன்னிச்சுக்கோ. கிளம்பிப் போனதும் அவன் இறுக்கி வைத்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை மூன்று மாதம் திறக்காமலே வைத்திருந்ததும் இவள்தான், பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா திறந்து தருகிறேன் என்று கையை நீட்டினால் வேண்டாம் அக்கா என்று பிடுங்கிக்கொள்வாள். இது என்ன ரகத்தில் சேர்த்தி? அவன் இல்லாதபோதுதான் அவன் மேல் பிரியம் வருமா? மாமியாரை அடக்கம் பண்ணிய அன்று பெட்டி பார்த்தது, சாமியாரைக் கூப்பிட்டது, குழிக்காரனிடம் பேசியது எல்லாம் இவள், அவன் போனில் சின்னக் கட்டத்துக்குள் இருந்துகொண்டு, "அந்த மாலை யார் வாங்கினது, நல்லாருக்கு" என்று கேட்டுவிட்டு அழுதான். அப்படி ஒருத்தியாகவே நின்று பழகிவிட்டாள். இனிமேல் ஒருத்தன் தினமும் வந்து இதை இங்கே ஏன் வைத்தாய் என்று கேட்டால் தாங்குவாளா? அந்தப் பதினோரு மாதம் ஊர் மூடிக் கிடந்தது, போக ஓர் இடம் கிடையாது, கையில் ஒரு தீவு இருந்தது. ஊர் திறந்து கிடக்கிற இந்தக் காலத்தில், ஐஸ் கம்பெனியிலிருந்து எண்ணெய் நாற்றத்தோடு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவன் அதே கிளாட்வினாக இருப்பானா? இவள்தான் அதே ஜெனோவாவா?

ஐந்தாவது பாத்தி. ஆறாவது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனும் கட்டுமரத்தில் ஏறினான். இவள் தூரத் தீவில் பாம்பு கடித்துக் கிடந்தாள், கீழ் பாதித் திரை சிவந்துகொண்டே வருகிறது, "என்னங்க, நான் செத்துட்டே இருக்கேன்" என்று நிஜமாகவே கத்தினாள். மருந்துக்குக் கற்றாழையைப் பறித்துக்கொண்டு ஓடினான், ஏறினான், பாயை விரித்தான், கட்டுமரம் பின்னால் போகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியவில்லை! பதினாறு வருசம் கப்பலில் கிடந்த மனுசனுக்குப் பாயைத் திருப்பத் தெரியவில்லை! "ப்பா, ரிவர்ஸ்ல போறீங்க ப்பா!" என்று ஷெரின் தரையில் விழுந்து உருளுகிறாள், இவள் செத்துக்கொண்டே சிரிக்கிறாள், அவன் மட்டும் சிரிக்கவில்லை, நெற்றியெல்லாம் வியர்வை, "இரு ஜெனோ, வந்துட்டேன், இரு, வந்துட்டேன்" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். வந்து சேரவில்லை. அவள் செத்துத்தான் போனாள், செத்தால் என்ன, ஆட்டம்தானே, மறுபடி முதலிலிருந்து வரலாம். ஆனால் சாயங்காலம் முழுவதும் அவன் சரியாகப் பேசவில்லை. அப்போது அது வேடிக்கையாக இருந்தது, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பாவி, இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஏழாவதும் காய்ந்து போயிருந்தது. எட்டில் இரண்டு சாவு. இது அவன் திரும்பக் கப்பலேறிய அந்தப் பிப்ரவரி மாதத்துப் பாவம். மத்தியானம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது, கப்பல் தயார், திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். போனை வைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றான். "போகட்டுமா?" என்றான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு வரை வந்தது, சத்தியமாக வந்தது, ஆனால் போகாமல் இருந்து இந்த மனுசன் என்ன செய்வான், கப்பல்தானே அவனுக்கு உயிர், நாம் கட்டிப்போட்டால் பிறகு காலமெல்லாம் நம்மைச் சொல்லிக் காட்ட மாட்டானா என்று நினைத்து, "போங்க. வேற என்ன செய்ய" என்றாள். "சரி" என்றான். நேரே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் சட்சட்டென்று ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான், எழுந்தான், எதையும் ஒப்பிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பிறகு அவள் போய்ப் பார்த்தால் இரண்டு பாத்தி காய்ந்து கிடந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஓஹோ, கப்பல் வந்ததும் இதெல்லாம் வேண்டாததாகிவிட்டதாக்கும், அவ்வளவுதானாக்கும் நாம் என்று ஆத்திரத்தில் பட்டென்று அணைத்தவள்தான், இன்று மத்தியானம் வரை திறக்கவில்லை. அதற்குப் பிறகு லீவில் வந்தபோது ஒரு நாள் அவன் துணியால் அந்தத் திரையைத் துடைத்துக்கொண்டே, "அது இன்னும் இருக்கா ஜெனோ?" என்று கேட்டான். "ஷெரினுக்குப் பரிச்சை" என்றாள். அவன் பிறகு கேட்கவே இல்லை.

எட்டாவது பாத்திக்குத் தண்ணீர் போதவில்லை. பானைக்குப் போட ஓலை வேண்டும், முன்பக்கத்துத் தென்னையெல்லாம் மொட்டையாக நின்றது, குடிசைக்குப் பின்னால் இரண்டு மரம் உண்டு என்று ஞாபகம் வந்து அந்தப் பக்கம் நடத்தினாள். நடத்தியவள் நின்றுவிட்டாள். அங்கே ஒரு பாத்தி இருந்தது. எட்டுதான் உண்டு, எட்டுதான் எண்ணி எண்ணி ஒப்பித்தது, இது ஏது? பலகை புதிது. கயிறு நாலு மூலையிலும் இறுக்கிக் கட்டியிருக்கிறது. அந்தக் கோடியிலிருந்து களிமண்ணை அள்ளி வந்து நிரப்பியிருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் எழுத்து வருகிறது: கிழங்கு, முதல் நாள், தண்ணீர் இல்லை. ஒரு பாத்தி கட்ட ஒரு மணி நேரம் ஆகும், அவளுக்குத் தெரியாதா, மரம் வெட்ட, நார் முறுக்க, மண் சுமக்க நாலு நடை. அந்த ஒரு மணி நேரம் இதுதான் செய்துகொண்டிருந்தானா? பாழாய்ப்போனவனே, போங்க என்று நான் சொன்ன பிறகு வந்து உட்கார்ந்து புதுப் பாத்தி கட்டினாயா? சும்மா பொழுது போகாமல் கட்டியிருப்பான் என்று ஒரு மனசு சொன்னது. ஆத்திரத்தில் கை எதையாவது செய்யும், அப்படிச் செய்திருப்பான் என்று சொன்னது. சரி, ஆத்திரத்தில் வெட்டலாம், உடைக்கலாம், ஆத்திரத்தில் யாராவது கிழங்கு நடுவார்களா? திங்கட்கிழமை போகப் போகிறவன், விளைய நாளாகும் என்று தெரிந்தவன், விதைக் கிழங்கை எடுத்து மண்ணில் வைப்பானா? போகப் பிரியம் இல்லாதவன்தானே வைப்பான். அடுக்களை வாசலில் வந்து நின்று போகட்டுமா என்று கேட்டது போவதற்கு இல்லையா? வேண்டாம் என்று ஒரு சொல் வாங்கத்தான் வந்து நின்றானா? நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேனே. ஒரு தடவை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லையே. நாலு வருசத்துக்கு மேல், மூன்று காண்ட்ராக்ட், எல்லாம் இந்த வாயால் போனது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், கண்ணாடியையும் துடைத்தாள், மறுபடி கண்ணைத் துடைத்தாள்.

போன் அடித்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. நாலு என்றால் நாலுக்குத்தான் கூப்பிடுகிறவன்.

"ஜெனோ. சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு." பின்னால் இஞ்சின் இரைச்சல் லேசாகக் கேட்டது. "மெசேஜ் பாத்தியா? நீ என்ன சொல்லுத?"

நீங்க என்ன நினைக்கீங்க என்று வாய் தன் பாட்டுக்குக் கிளம்பியது. உங்க இஷ்டம் என்று அதற்குப் பின்னால் ஒன்று. எத்தனை வருசமாக இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லி ஒரு குடும்பம் நடத்தியாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வந்துருங்க" என்றாள்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "கேக்குதா?"

"கேக்குது."

"வந்துருங்கன்னு சொல்லுதேன். கப்பல் வேண்டாம், போதும். ஆனா எனக்குப் பயமா இருக்கு. பூசி மெழுகிப் பேச எனக்குத் தெரியல. நம்ம ரெண்டு பேரும் ஒரு வீட்டுல சேந்தாப்புல இருந்ததே அந்தப் பதினோரு மாசம்தான். வந்த பிறகு உங்களுக்கு என்னையப் பிடிக்காமப் போயிட்டா? எனக்கு உங்களப் பிடிக்காமப் போயிட்டா? சண்டை வரும். கட்டாயம் வரும். இருந்தாலும் வாங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும், நான்தான் சொல்லல."

அவன் ஏதோ கதவை இழுத்துச் சாத்தினான், இஞ்சின் இரைச்சல் நின்றது.

"ஏஜென்சில ஒண்ணும் கேக்கல ஜெனோ."

"என்னது?"

"நான் போன வாரமே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். வர்ற பதினெட்டாம் தேதி கொச்சியில இறங்குதேன். டிக்கெட்டும் போட்டாச்சு."

"அடப்பாவி மனுசா! பெறகு எதுக்கு என்கிட்டக் கேட்டீங்க? காலைல இருந்து நான் இங்க கிடந்து..."

"கையெழுத்துப் போடுங்கன்னு நீ சொல்லிட்டா, கொச்சியில வேற கப்பல் பாத்து ஏறிரலாம்னு இருந்தேன்" என்றான் கிளாட்வின். "எழுதிக் குடுத்ததை உன்கிட்டச் சொல்லியிருக்கவே மாட்டேன்."